மேகத்துக்குள் எத்தனை மணி

தருமபுரத்தில் எனக்கு முடி வெட்டும் ராஜேந்திரன் மாதம் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்.

"மொத்தம் எத்தன மணி நேரம் பறந்திருப்பீங்க சார்?"

"ஒம்பதாயிரத்துச் சொச்சம்."

கத்தரிக்கோல் நிற்கும். மனதுக்குள் வகுத்துப் பார்ப்பார். "அப்ப ஒரு வருஷத்துக்கு மேல கீழ எறங்கவே இல்லன்னு வைங்க."

கழுத்தில் துண்டும் தோளில் முடியுமாக நான் கண்ணாடிக்குள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்வேன். உள்காதில் கோளாறு என்று மருத்துவக் குழு ஐம்பத்து மூன்று வயதில் தரையில் இறக்கிவிட்ட ஒரு விமானிக்கு மாதம் ஒரு நிமிர்வாவது வேண்டாமா? அந்த ஒன்பதாயிரத்தில் மேகத்துக்குள் எத்தனை மணி என்று ராஜேந்திரன் கேட்டதில்லை. கேட்டால் நான் நாற்காலிக்குள் சறுக்கிவிடுவேன்.

போன மாதம் அதைக் கேட்பதற்கும் ஒருத்தி வந்தாள். என்னுடன் துணை விமானியாக இருந்த நிவேதா. இப்போது அவளே கேப்டன். விமானிகள் மலர் ஒன்று போடுகிறார்களாம். "சார், லாக் புக் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போயிடுச்சு. நேரத்தத் தட்டினா கட்டம் எல்லாம் தானா நெறையுது. கையால எழுதின காலத்துல இன்ஸ்ட்ருமென்ட் ஹவர்ஸ் எப்படிக் கணக்குப் பண்ணுனீங்கன்னு ஒரு கட்டுரை குடுங்க. உங்களுக்குத்தான் எழுத்து வருமே."

எழுத்து வரும் என்பதுதான் அந்த நாளில் எனக்கு வந்த வினை.

பறக்காதவர்களுக்காக ஒரு விளக்கம். விமானியின் லாக் புக்கில் பகல், இரவு, தனியாக, துணையாக என்று கட்டங்கள் உண்டு. அவற்றில் மிக ஒடுங்கிய கட்டம் கருவி நேரத்துக்கு. வெளியே எதுவும் தெரியாமல், கண்ணாடிக்கு அப்பால் வெள்ளையோ சாம்பலோ மட்டும் நிறைந்திருக்க, முன்னால் இருக்கும் முட்களையும் வட்டங்களையும் மட்டுமே நம்பி விமானத்தை ஓட்டிய நிமிஷங்களை அதில் எழுத வேண்டும். ஓட்டியவர்தான் எழுதலாம். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர் எழுதக் கூடாது. கேப்டனாவதற்கான பெரிய லைசென்ஸுக்கு அந்தக் கட்டத்தில் நூறு மணி சேர வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு மணி பறந்திருந்தாலும் இந்த நூறு இல்லையென்றால் கதவு திறக்காது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேகம் இல்லாத ஊரில் மேகத்துக்குப் பழக, நெற்றியிலிருந்து நீளும் ஒரு மறைப்பை மாட்டிவிடுவார்கள். கருவிகள் மட்டும் தெரியும். நான் தும்முவது போல் தலையைத் தூக்கி, மறைப்புக்குக் கீழே தொடுவானத்தை ஒரு வாய் பார்த்துக்கொள்வேன். நாற்பது மணி நேரப் பயிற்சியில் எனக்கிருந்த சளி, குரும்பகரத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை.

பிறகு ஒரு சின்ன கம்பெனியில் துணை விமானியாக வேலை. பெயர் வேண்டாம், இப்போது அதுவும் இல்லை. பதினெட்டு இருக்கை விமானம், இரண்டு விசிறி, தானாக ஓட்டும் கருவி கிடையாது. சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் போய்வருவோம். திரும்பி வரும்போது வலப்பக்க இருக்கையிலிருந்து, வானம் சுத்தமாக இருந்தால், எழுபது கிலோமீட்டர் தள்ளிக் காரைக்கால் கடலோரம் தெரியும். அரசலாறு கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் நிறம் மாறும். எங்கள் ஊர் அவ்வளவுதான், ஒரு நகக்கீறல். அதைப் பார்த்தவுடன் எனக்கு வரி வரும். சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு வைத்திருந்தேன். தேதி போட்டு எழுதிவிடுவேன்.

லாக் புக்கையும் அதே பேனாவால்தான் எழுதினேன்.

எங்கள் ஓய்வறையில் ஒரு வழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. ஒரு மணி நேரப் பறப்பு என்றால் இருபது நிமிஷம் கருவிக் கட்டத்துக்கு. வானம் எப்படி இருந்தது, யார் ஓட்டினார்கள் என்ற கேள்வி எல்லாம் இல்லை. காப்பிக்குச் சர்க்கரை போடுவது போல எல்லோரும் போட்டார்கள். எனக்கோ தித்திப்பு அதிகம் பிடிக்கும். சில நாள் நாற்பது போட்டேன்.

அப்படியே நூற்றாறு மணி சேர்ந்துவிட்டது. லைசென்ஸ் விண்ணப்பத்துடன் லாக் புக்கைத் தலைமை விமானியிடம் கையெழுத்துக்கு வைத்தேன். கேப்டன் ஹேமலதா. கோயம்புத்தூர்க்காரர். திட்டும்போதும் 'ங்க' போடுவார். குரல் உயராது. பென்சிலை பிளேடால் சீவுவார். கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும், விளையாட்டு மாஸ்டர்களிடம் இருக்குமே, அது. மேகத்துக்குள் மூக்கு நுழைந்ததும் அழுத்துவார், தரையின் ஒரு துணுக்கு தெரிந்ததும் நிறுத்துவார். இறங்கியபின் நிமிஷத்தைப் பென்சிலால் பயணத் தாளின் ஓரத்தில் குறிப்பார். இரண்டு நிமிஷம் என்றால் இரண்டு. ஓய்வறையில் அவருக்கு 'கோழி முட்டை அவிக்கிற அம்மா' என்று பெயர். பெயர் வைத்தவன் நான்.

இதற்கிடையில் கோட்டுச்சேரியில் என் மச்சான் சேகர் அவசரப்பட்டுவிட்டான். பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டான். விமானத்தைவிட என் தலை பெரிதாக இருந்தது. மேலே 'கேப்டன்' என்று சிவப்பில். போனில் அவனிடம் சொன்னேன்.

"இன்னும் ஆவல மச்சான், கையெழுத்தே வாங்கல."

"அதான் எல்லாம் முடிஞ்சுதுன்னு அக்கா சொல்லிச்சே. ஒரு கையெழுத்துதான? நீங்க ஒரு நல்ல சட்டையில போட்டோ எடுத்திருக்கக் கூடாதா? அதுல பல்லு வலிக்கிற மாதிரி இருக்கீங்க."

அக்கா என்றது என் மனைவி கலாவை. அவளுக்கு இது வெறும் ஃப்ளெக்ஸ் இல்லை. கேப்டனானால் சென்னையிலேயே நிரந்தரமாக வேலை, குடும்பம் ஒரே வீட்டில். ஐந்து வருடமாக அவள் பெண்ணோடு காரைக்காலிலும் நான் விமான நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையிலுமாக இருந்தோம்.

மறுநாள் ஹேமலதா மேடம் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு புத்தகங்கள். ஒன்று என் லாக் புக். மற்றது என் குட்டி நோட்டு. முந்தின நாள் விமானத்தில் வரைபடங்கள் வைக்கும் பையில் அதை மறந்துவிட்டிருந்தேன்.

"யாருதுன்னு தெரியாமத்தான் பிரிச்சேனுங்க. நல்லா இருந்துச்சு, அப்படியே படிச்சிட்டேன்."

வாழ்க்கையில் என் கவிதையைப் படித்துவிட்டு நல்லா இருந்தது என்று சொன்ன முதல் மேலதிகாரி. நன்றி சொல்ல வாயைத் திறந்தேன்.

"உக்காருங்க. இது மார்ச் மாசத்துச் செவ்வாக்கிழமை." நோட்டிலிருந்து வாசித்தார். வாசித்த விதத்தில் அது வானிலை அறிக்கை மாதிரியே இருந்தது. "'வானம் இன்று கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு. ஒரு பருக்கை மேகம் இல்லை. அரசலாறு கடலிடம் கைநாட்டு வைப்பது வரை தெரிகிறது.'"

பென்சில் முனை லாக் புக்குக்கு நகர்ந்தது. அதே செவ்வாய்க்கிழமை. கருவி நேரம், நாற்பது நிமிஷம்.

"எழுவது கிலோமீட்டர் தள்ளி ஆறு தெரியுது. ஆனா ஒண்ணுமே தெரியாம நாப்பது நிமிஷம் ஓட்டியிருக்கீங்க."

நான் அப்போது சொன்ன பதிலை இன்றுவரை கலாவிடம்கூடச் சொன்னதில்லை. "கவிதைல கொஞ்சம் மிகைப்படுத்தல் இருக்கும் மேடம்."

அவர் அதை உண்மையாகவே யோசித்தார். அதுதான் கொடுமை. "அப்படீன்னா மேகம் இருந்துச்சு, இல்லைன்னு எழுதிட்டீங்க?"

"ஆமா மேடம்."

"அரசலாறு?"

நான் நோட்டின் பக்கம் கையை நீட்டினேன்.

"எது பொய்யின்னு நீங்களே சொல்லுங்க. ரெண்டுல ஒண்ண நான் அடிக்கணும்." பென்சிலை நீட்டினார்.

ஒரு நிமிஷம், நோட்டைத்தான் அடிக்கலாமா என்று பார்த்தேன். இரண்டு வருடத்துக் கவிதைகளையும் பொய் என்று ஒப்புக்கொண்டால் வேலை முடிந்தது, சென்னையில் வீடு, கோட்டுச்சேரியில் தலை. அதைச் செய்யாமல் தடுத்தது நேர்மை என்று இந்த மலரில் எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் அந்தக் கைநாட்டு வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. லாக் புக் பக்கம் பென்சில் போயிற்று.

"ஒரு வாரம் எடுத்துக்குங்க. நோட்ட வெச்சு எல்லாத்தையும் திரும்ப எண்ணுங்க. இனிமே வாட்ச் இல்லாம ஒரு நிமிஷமும் எழுதாதீங்க."

எண்ணினேன். என் பறப்புகளுக்கு என்னைவிடக் கறாரான சாட்சி கிடைத்திருக்க முடியாது. எந்த நாளையும் விட்டுவைக்காமல் எழுதித் தொலைத்திருந்தேன். 'பஞ்சு கூட இல்லாத பகல்', அடி இருபது நிமிஷம். 'நிழல் விழ இடமில்லாத நீலம்', அடி நாற்பது. மேகம் வந்த நாள்களிலும் சிக்கல். மேகத்துக்குள் போனதும் நான் பக்கம் பக்கமாக மேகத்தை வர்ணித்திருந்தேன். அப்போது விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தது யார்? நிச்சயமாக நான் இல்லை. ஒரு வாரத்தில் நூற்றாறு, அறுபத்தொன்றாக இளைத்தது.

எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவர் அந்த மாதம் கேப்டனானார். கலா போனில், பெண்ணுக்கு இந்த வருடமும் காரைக்காலிலேயே பள்ளியில் பணம் கட்டிவிடட்டுமா என்று மட்டும் கேட்டாள். சேகர் ஃப்ளெக்ஸை அவிழ்த்துக் குரும்பகரத்தில் வைக்கோல் போரின் மேல் போர்த்திவிட்டான். அந்த மழைக்காலம் முழுக்க என் முகம் வைக்கோலைக் காத்தது. உருப்படியான வேலைதான்.

நான் ஒரு ஸ்டாப்வாட்ச் வாங்கினேன். ஓய்வறையில் கோழி முட்டைக்குத் துணையாக இன்னொரு முட்டை என்றார்கள். மூன்று நிமிஷம், ஏழு நிமிஷம், ஒரு நாள் பதினொன்று. நாற்பது மணி நேரத்தை ஸ்பூனால் இறைப்பது போல இருந்தது.

அடுத்த ஐப்பசி. தூத்துக்குடியிலிருந்து பிற்பகல் புறப்பாடு, கேப்டன் இருக்கையில் ஹேமலதா மேடம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. புறப்பட்டுச் சில நிமிஷங்களில் மேகத்துக்குள் போனோம், பிறகு வெளியே வரவேயில்லை. வெள்ளை, சாம்பல், கரும் சாம்பல், மறுபடி வெள்ளை. கண்ணாடியில் மழை கிடைமட்டமாக ஓடியது. அவர் ஓட்டினார். அவர் வாட்ச் ஓடியது. நான் ரேடியோவில் பேசிக்கொண்டும், ஜன்னலைப் பார்க்காமல் இருக்கப் பெரும் பாடு பட்டுக்கொண்டும் இருந்தேன்.

கால் மணி நேரம் போயிருக்கும். என் முன்னால் இருந்த செயற்கைத் தொடுவானம், அதாவது இறக்கை சாய்ந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்று காட்டும் உருண்டை, வலது பக்கம் சாய்ந்து தெரிந்தது. அவர் முன்னால் இருந்த அதே உருண்டை நேராக இருந்தது. என் உடம்பைக் கேட்டேன், அதாவது சாய்வை உணரும் உள்காதை. நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறாய் என்றது. எதிரில் தலைமை விமானி, துணைக்கு என் உடம்பு. என் கருவிதான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, மரியாதையாக வாயை மூடிக்கொண்டேன்.

திசைகாட்டி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அவர்தான் முதலில் கவனித்தார்.

"தெசை ஓடுது. உங்க பக்கம் என்ன காட்டுது?"

"வலது பக்கம் பதினஞ்சு டிகிரி சாஞ்சிருக்கு மேடம். என்னோடது கெட்டுப்போச்சுன்னு நெனக்கிறேன்."

"நெனக்காதீங்க. நடுவுல பாருங்க."

நடுவில் அவசரத்துக்கென்று ஒரு சின்ன உருண்டை உண்டு. பார்த்தேன். வலது பக்கம் பதினைந்து.

"ரெண்டு ஒண்ணு சொல்லுது, ஒண்ணு வேற சொல்லுது," என்றார். "என்னோடதுதான் கெட்டிருக்கு. நீங்க ஓட்டுங்க."

"காது நேரா இருக்குன்னு சொல்லுது மேடம்."

"காதுக்கு ஓட்டு இல்லீங்க. பிடிங்க."

பிடித்தேன். என் உருண்டையைப் பார்த்து இறக்கையை நேராக்கினேன். நேரானதும் உடம்பு அலறியது. இடது பக்கம் கவிழ்கிறோம் என்றது. மெல்ல மெல்லச் சாய்ந்ததைச் சாய்வென்றே அறியாமல் பழகிப்போன காதுக்கு, நேராக இருப்பது கவிழ்வதாகப் பட்டது. இதைப் புத்தகத்தில் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் என் கழுத்து வலது பக்கம் வளைந்தது, தோள் பின்தொடர்ந்தது, கை அதன் பின்னால் போனது. உருண்டை மறுபடி சாய்ந்தது. நேராக்கினேன். மறுபடி சாய்ந்தேன். பின்னால் பதினேழு பேர் அமர்ந்திருந்தார்கள். ஒருவர் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

"சாயாதீங்க," என்றார் அவர், அதே குரலில். "நீங்க சாஞ்சா அதும் சாயுது. முள்ளச் சொல்லிக்கிட்டே ஓட்டுங்க, எனக்குக் கேக்குற மாதிரி."

சொன்னேன். இறக்கை நேர். உயரம் சரி. திசை நாற்பது. வேகம் சரி. இறக்கை நேர். உவமை இல்லாமல் அவ்வளவு நேரம் நான் பேசியது அதுதான் முதல் தடவை. சொல்லச் சொல்லக் காதின் அலறல் அடங்கியது. நின்றுவிடவில்லை, பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி தூரம் போயிற்று.

கெட்ட கருவியை மூடி வைப்பது வழக்கம். கண் தவறிப்போய் அதை நம்பிவிடக் கூடாது. "ஒரு பேப்பர் குடுங்க," என்றார். ஒரு கையால் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒரு தாளைக் கிழித்து, தன் உருண்டையின் விளிம்பில் செருகினார். ஓரக்கண்ணில் தெரிந்தது, கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு. பிரசுரமாகாத அந்தக் கவிதை அன்று சென்னை வரை ஒரு பொய்யை மறைத்துக்கொண்டு வந்தது.

சென்னையில் மேகம் தாழ்ந்திருந்தது. ஓடுபாதைக்கு இறங்க இரண்டு முட்கள் உண்டு. ஒன்று இடம் வலம் சொல்லும், ஒன்று மேல் கீழ் சொல்லும். இரண்டும் நடுவில் சிலுவையாக நிற்க வேண்டும். உயரத்தை அவர் வாசித்தார். ஐந்நூறு அடி. நானூறு. வெள்ளை. முந்நூறு. இருநூறு அடியில் விளக்குத் தெரியாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும், ஏறி மறுபடி இந்தச் சாம்பலுக்குள் சுற்ற வேண்டும். இருநூற்றைம்பதில், "விளக்கு," என்றார். நான் தலையைத் தூக்கவில்லை. "இப்பப் பாக்கலாமுங்க," என்றார். பார்த்தேன். ஈர ஓடுபாதை, அதில் கோடாகக் கரைந்து கிடந்த மஞ்சள் விளக்குகள். அவரே இறக்கியிருக்கலாம். கையை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு தடவை குதித்து இறக்கினேன்.

எஞ்சின்கள் நின்றபின்தான் என் ஸ்டாப்வாட்ச் நினைவு வந்தது. பூஜ்யம். அழுத்தவேயில்லை. மூன்று நிமிஷத்துக்கும் ஏழு நிமிஷத்துக்கும் ஓடிய வாட்ச், என் வாழ்நாளின் ஒரே நிஜ மேகத்துக்கு ஓடவில்லை. வாட்ச் இல்லாமல் ஒரு நிமிஷமும் எழுதக் கூடாது என்பது பேச்சு.

அவர் தன் வாட்சை என் பக்கம் திருப்பினார். கட்டுப்பாட்டை என்னிடம் கொடுத்த நொடியில் நிறுத்தி, தன் நேரத்தைக் குறித்துவிட்டு, எனக்காக மறுபடி ஓட விட்டிருக்கிறார். நாற்பத்திரண்டு நிமிஷம். பென்சிலால் என் பயணத் தாளின் ஓரத்தில் எழுதினார். முப்பத்தெட்டு.

"நாப்பத்திரண்டு இருக்கே மேடம்."

"மொத நாலு நிமிஷம் காத நம்பி ஓட்டுனீங்க. அது கருவி நேரம் இல்லீங்க."

முப்பத்தெட்டு என்று லாக் புக்கில் எழுதினேன். ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் எனக்கு மனப்பாடமாக இருக்கும் ஒரே எண் அது. நூறு மணி முடிய இன்னும் இரண்டு மழைக்காலம் ஆயிற்று. பெண் காரைக்காலில் மேலும் இரண்டு வகுப்பு படித்தாள். கையெழுத்து ஆனதைச் சொன்னதும் சேகர் கேட்டான், "வைக்கப்போர்மேல இருக்கறதையே கழுவிக் கட்டிடவா மச்சான்? மூஞ்சி கொஞ்சம் வெளுத்திருக்கு, ஆனா நீங்களும்தான் வெளுத்துட்டீங்க."

அதன் பிறகு பெரிய கம்பெனி, தானாக ஓட்டும் விமானங்கள், வருடங்கள். கடைசியில் காது பழிவாங்கிவிட்டது. ஓட்டு இல்லை என்று சொன்னதை அது மறக்கவில்லை. மல்லாந்து படுத்தால் தருமபுரம் வீடு வலது பக்கம் கவிழ்கிறது. காரைக்காலில் பார்க்கும் டாக்டர் சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் எத்தனை நிமிஷம் சுற்றுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வரவேண்டும், அதைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்வாராம்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல். அதில் ஒரு டம்ளர் தண்ணீரும் பழைய ஸ்டாப்வாட்சும். நேற்றுக் காலை சுற்ற ஆரம்பித்ததும் அழுத்தினேன். டம்ளரில் தண்ணீர் மட்டமாக இருந்தது. கதவு நிலை நேராக நின்றது. ரெண்டு ஒண்ணு சொல்லுது என்று சொல்லிக்கொண்டேன். நின்றதும் நிறுத்தி, நோட்டில் எழுதினேன். ஆறு.

கலா காப்பியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "கால் மணி நேரமா கட்டிலப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தீங்க. ஆறுன்னு எழுதுறீங்க?"

"சுத்துனது ஆறு."

"மிச்சம் ஒம்பது?"

நோட்டை வாங்கிப் பார்த்தாள். ஆறு என்ற எண்ணுக்குப் பக்கத்தில், ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த காகத்தைப் பற்றி மூன்று வரி எழுதியிருந்தேன்.

"இதையுமா டாக்டர்கிட்ட காட்டப் போறீங்க?"

"காட்டணும். அந்த ஒம்பது நிமிஷத்துக்கு அதுதான் சாட்சி."